அமெரிக்காவில் லாரி ஓட்டும் அக்கா மகனுக்கு எஸ்ஏபி தேட வேண்டும், யாரை நம்புவது?

செந்தூல் தாய்மாமன்:
வணக்கம். என் அக்கா மகன் டெக்சாஸில் பெரிய டிரெய்லர் ஓட்டுகிறான், கல்யாணம் ஆகி கிரீன் கார்டில் போனவன், சிடிஎல் என்கிற கனரக வாகன லைசென்ஸ் அங்கேயே எடுத்தான். கம்பெனி திடீரென்று சிறுநீர்ச் சோதனைக்கு அனுப்பியதில் கஞ்சா என்று வந்துவிட்டது. கொலராடோவில் கடையிலேயே விற்கிறார்கள், சட்டப்படி தப்பில்லை என்று நினைத்து லீவு நாளில் புகைத்தானாம். முடிவு வந்த அன்றே வண்டியை விட்டு இறக்கிவிட்டார்கள். இப்போது அம்மாவிடம் கோலாலம்பூர் செந்தூலுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறான், சரியாகச் சாப்பிடுவதில்லை, அக்கா அழுதுகொண்டே இருக்கிறார்.

மறுபடி ஓட்ட வேண்டுமென்றால் எஸ்ஏபி என்கிற போதைப்பொருள் மதிப்பீட்டாளரிடம் போக வேண்டுமாம். கம்பெனி ஒரு பெயர்ப்பட்டியல் கொடுத்திருக்கிறது. ஆனால் ஃபேஸ்புக் குழுவில் ஒருவர், "ஒரே ஒரு போன் கால், இரண்டு நாளில் கடிதம், வகுப்பு கிகுப்பு எதுவும் வேண்டாம்" என்கிறார், விலையும் குறைவு. இவன் அந்தப் பக்கம் சாய்கிறான். பிடிக்காவிட்டால் வேறொருவரிடம் மாற்றிக்கொள்ளலாமா? இங்கே கோலாலம்பூரில் ஒரு கவுன்சலரிடம் கடிதம் வாங்கினால் செல்லுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இரவு ஷிஃப்ட்:
ஐயா, நான் இங்கே கேஎல்லில் உட்கார்ந்து அமெரிக்க டிரக் கம்பெனிகளின் ஓட்டுநர் ஆவணங்களைப் பார்க்கிற வேலையில் இருக்கிறேன், இந்தக் கதை எங்கள் மேசைக்கு அடிக்கடி வரும். முதலில் அந்த ஃபேஸ்புக் ஆளை விட்டுவிடச் சொல்லுங்கள். அவர் சொன்ன மூன்றுமே அவர்களுடைய போக்குவரத்துத் துறை விதிக்கு நேர் எதிர். போன் காலில் மதிப்பீடு கிடையாது: நேரில் பார்க்க வேண்டும், இல்லையென்றால் 2023 முதல் வீடியோ வழியாகச் செய்யலாம், ஆனால் முகமும் குரலும் நேரலையில் தெளிவாக இருக்க வேண்டும், அதுவும் அந்த மதிப்பீட்டாளரின் மாநில உரிமம் அனுமதிக்கிற அளவுக்குள்தான். வகுப்பு வேண்டாம் என்று எழுதவும் முடியாது. விதியை மீறிய ஒவ்வொருவருக்கும் கல்வியோ சிகிச்சையோ ஏதோ ஒன்றை அவர் பரிந்துரைத்தே ஆக வேண்டும். அதை முடித்த பிறகு இரண்டாவது மதிப்பீடும் இருக்கிறது, முடித்தாயா, ஒழுங்காக நடந்துகொண்டாயா என்று பார்ப்பார். இதெல்லாம் எப்படி இரண்டு நாளில் முடியும்?

மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டீர்களே, அதுதான் இதில் முக்கியமான இடம். முடியாது. தகுதியுள்ள ஒருவர் மதிப்பிட்டுவிட்டால் அவர் எழுதியது பிடிக்கவில்லை என்று இன்னொருவரைத் தேட ஓட்டுநருக்கும் உரிமை இல்லை, கம்பெனிக்கும் இல்லை. வேறொருவர் எழுதிக் கொடுத்தாலும் கம்பெனி அதை ஏற்கக் கூடாது. புதுத் தகவல் ஏதாவது வந்தால் முதலில் பார்த்தவரே மாற்றலாம், அவ்வளவுதான். அதனால் யாரைத் தேர்ந்தெடுப்பது என்று அலசுவதெல்லாம் முதல் சந்திப்புக்கு முன்னால் நடக்க வேண்டிய வேலை, அதற்கு அப்புறம் அலசிப் பயனில்லை.

எப்படிச் சரிபார்ப்பது: அவர் மருத்துவராகவோ, சமூகப் பணியாளராகவோ, உளவியலாளராகவோ, குடும்ப ஆலோசகராகவோ, ஊழியர் உதவித் திட்ட நிபுணராகவோ, துறை அங்கீகரித்த அமைப்பு ஒன்றின் சான்று பெற்ற போதை ஆலோசகராகவோ இருக்க வேண்டும். அது மட்டும் போதாது, எஸ்ஏபி வேலைக்கென்று தனிப் பயிற்சி முடித்துத் தேர்விலும் தேறியிருக்க வேண்டும், அதன் பிறகு 3 ஆண்டுக்கு ஒரு முறை 12 மணி நேரத் தொடர்கல்வி. இவற்றுக்கான ஆவணத்தைக் காட்டச் சொல்லித் தயங்காமல் கேளுங்கள், நல்லவர் கோபப்பட மாட்டார். மாநில உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று அந்த மாநில வாரியத்தின் இணையதளத்திலேயே தேடலாம். கிளியரிங்ஹவுஸ் என்ற, ஓட்டுநர்களின் போதை விதிமீறல்களைப் பதியும் மத்திய அரசுத் தரவுத்தளத்திலும் அவர் பதிவு செய்திருக்க வேண்டும், ஏனென்றால் உங்கள் பையன் தன் கணக்கில் நுழைந்து அவரைத் தேர்ந்தெடுத்தால்தான் அவரால் எதையும் பதிய முடியும்.

இன்னொன்று, அவர் தனக்குச் சொந்தமான வகுப்புக்கோ, தனக்குப் பணம் வரும் மையத்துக்கோ அனுப்பக் கூடாது. சில விதிவிலக்குகள் உண்டு, அந்த ஊரில் வேறு இடமே இல்லை என்பது போல. பேச ஆரம்பிக்கும்போதே "என்னிடமே வகுப்பும் இருக்கிறது, சேர்த்துக் கட்டுங்கள்" என்றால் எழுந்து வந்துவிடலாம். கட்டணத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், இரண்டாவது மதிப்பீடும் அதில் சேர்ந்ததா என்று கேட்டு. கம்பெனி அந்தப் பட்டியலைச் சும்மா கொடுக்கக் கடமைப்பட்டது, மதிப்பீட்டுக்குப் பணம் கட்டக் கடமைப்பட்டதல்ல.

பட்டர்வொர்த் கண்டெய்னர்:
நானும் லாரிக்காரன்தான் அண்ணே, பட்டர்வொர்த் துறைமுகத்தில் ஓடுகிறேன். கொலராடோவில் குற்றமில்லை என்பது சிடிஎல் வைத்திருப்பவனுக்கு உதவாது என்று அங்கே ஓட்டுகிற கூட்டாளி சொன்னான், மாநிலச் சட்டம் வேறு, ஓட்டுநர் விதி மத்திய அரசு விதியாம். பையன் அதைப் பிடித்துக்கொண்டு வாதாட வேண்டாம். நம் ஊரில் ஏஏடிகே என்கிற போதை ஒழிப்பு நிறுவனத்தின் கடிதமோ கிளினிக் கடிதமோ இங்கேதான் எடுபடும்.

பினாங்கு ஆலோசகர்:
நான் பினாங்கில் போதைப் பழக்கத்திலிருந்து மீள்பவர்களோடு வேலை செய்கிறேன். என்னைப் போன்ற உள்ளூர் ஆலோசகரின் கடிதம் செல்லாது, அந்த ஆசையை விட்டுவிடுங்கள். ஆனால் பையன் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பதைக் கேட்டு மனசு கஷ்டமாக இருக்கிறது. கடிதத்துக்காக இல்லாமல், அவனுக்காக இங்கேயே ஒருவரிடம் பேச வைக்கலாம், அதற்கு எந்தத் தடையும் இல்லை.

எஸ்ஏபியிடம் போகும்போது உண்மையைச் சொல்லட்டும். பக்கத்தில் இருந்தவன் புகைத்த புகை, கஞ்சா இனச் சணல் (ஹெம்ப்) எண்ணெய் என்றெல்லாம் சொல்கிற சமாதானங்களை அவர் கணக்கில் எடுக்கவே கூடாது என்று விதியிலேயே இருக்கிறது. அவர் பையனுக்கு வக்கீலும் இல்லை, கம்பெனிக்கு வக்கீலும் இல்லை. சாலையில் போகிற மற்றவர்களின் உயிருக்காக உட்கார்ந்திருப்பவர். நாற்பது டன் வண்டி எதிரில் வரும்போது நம் பிள்ளையும் காரில் இருக்கலாம் அல்லவா, அப்படி நினைத்தால் கேள்விகள் ஏன் இவ்வளவு நீளம் என்று அவனுக்கே புரியும். எவ்வளவு காலமாக, எப்போதெல்லாம், தூக்கம் எப்படி, வீட்டில் என்ன பிரச்சினை என்று நிதானமாகக் கேட்பவர்தான் நல்ல மதிப்பீட்டாளர். கால் மணி நேரத்தில் முடித்துவிடுகிறேன் என்பவரிடம் போகாதீர்கள்.

செந்தூல் தாய்மாமன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. படித்துக் காட்டினேன், ஃபேஸ்புக் ஆளுக்குப் பணம் அனுப்புவதை நிறுத்திவிட்டான். பட்டியலில் இருக்கும் ஒருவர் டெக்சாஸ் உரிமம் உள்ள சமூகப் பணியாளர். இவன் செந்தூலில் இருந்தபடியே வீடியோவில் செய்ய முடியுமா? அவசரமா, இல்லை அக்காவோடு கொஞ்ச நாள் இருக்கலாமா?

இரவு ஷிஃப்ட்:
மலேசியாவில் இருப்பவரை வீடியோவில் பார்க்கத் தன் உரிமம் இடம் கொடுக்கிறதா என்று அவரையே எழுத்தில் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் திரும்பிப் போய் நேரில் பார்ப்பதே நல்லது, அடிப்படையே செல்லாமல் போனால் எல்லாம் வீண்.

அவசரம்தான் ஐயா. 2024 நவம்பர் 18 முதல், கிளியரிங்ஹவுஸில் தடை இருக்கிற ஓட்டுநரின் சிடிஎல்லை மாநிலமே சாதாரண லைசென்ஸாகத் தரம் இறக்கிவிட வேண்டும், தகவல் போனதிலிருந்து 60 நாளுக்குள். இறக்கிவிட்டால் மறுபடி ஏற்ற டெக்சாஸ் அலுவலகம் கேட்பதையெல்லாம் செய்தாக வேண்டும்.

எஸ்ஏபி சரி என்று பதிந்துவிட்டால் மட்டும் அவன் உடனே ஓட்டிவிட முடியாது, பழைய கம்பெனியோ புதுக் கம்பெனியோ அவனை ஒரு சோதனைக்கு அனுப்ப வேண்டும். அதில் சிறுநீர் கொடுக்கும்போது ஓர் ஆள் நேரடியாகப் பார்த்துக்கொண்டிருப்பார், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பழைய கம்பெனி திரும்ப எடுக்கக் கட்டாயமில்லை. வேலையில் சேர்ந்தபின் முதல் 12 மாதத்தில் குறைந்தது 6 முறை அறிவிக்காமல் சோதனை, மொத்தம் 60 மாதம் வரை நீட்டலாம். கம்பெனி மாறினாலும் அந்தத் திட்டம் கூடவே வரும்.

செந்தூல் தாய்மாமன்:
சரி தம்பி, இன்றைக்கே அவருக்கு மின்னஞ்சல் எழுதச் சொல்கிறேன். டிக்கெட்டும் பார்க்கிறேன்.