மூன்று ஜோடி பின்னம் போட்டும் சரியாக வந்தது, விடை தப்பாம்

வேலந்தாவளம் டீக்கடை:
செக்போஸ்ட் பக்கம் டீக்கடை வைத்திருக்கிறேன். மகள் கேரளாவில் சித்தூர் தாலுகாவில் தமிழ் மீடியம், எட்டாவது. ஏ² + பி = ஏ + பி² முற்றொருமையா, அதாவது எந்த எண்ணைப் போட்டாலும் இரண்டு பக்கமும் சமமாக வருமா என்று வீட்டுப்பாடம். (போனில் தமிழ் கீபோர்டுதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.) பின்னம் போட்டுப் பார் என்று நான்தான் சொன்னேன். பகுதி ஒரே எண்ணாக இருந்தால் கூட்ட லேசு என்று ஏ = 1/3, பி = 2/3 எடுத்தாள். இடது பக்கம் 1/9 + 6/9 = 7/9. வலது பக்கம் 3/9 + 4/9, அதுவும் 7/9. 'ஆம்' என்று எழுதினாள். டீச்சர் சிவப்பு மையில் சுழித்துவிட்டார். ராத்திரி கடையைச் சாத்திவிட்டுப் பற்று நோட்டின் பின்பக்கத்தில் நானே போட்டேன். 1/4, 3/4: இரண்டு பக்கமும் 13/16. 2/5, 3/5: இரண்டும் 19/25. பக்கத்து வீட்டுப் பையன் மலையாளம் மீடியம். "இது சர்வசமவாக்கியம் இல்லை சேட்டா" என்கிறான் (முற்றொருமைக்கு மலையாளத்தில் அப்படி), ஏன் என்று சொல்லத் தெரியவில்லை.

பொள்ளாச்சி டியூஷன்:
அண்ணா, மூன்று ஜோடியையும் கூட்டிப் பாருங்கள். எல்லாம் 1. இப்போது 1/2, 1/3 போடுங்கள்.

ரிட்டையர்டு வாத்தியார், கொழிஞ்சாம்பாறை:
இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்தைக் கழித்துக் காரணிப்படுத்தினால் (ஏ − பி)(ஏ + பி − 1). ஏ-யும் பி-யும் சமமாக இருந்தாலும், கூட்டி 1 வந்தாலும் இது பூச்சியம். அந்த வரிசையில் ஆயிரம் ஜோடி எடுத்தாலும் ஒத்துத்தான் போகும். பிள்ளைகள் 0, 1, 2 போடுவதும் இதே வம்புதான். 2-ஐ 2-ஓடு கூட்டினாலும் பெருக்கினாலும் 4. 2ஏ-யையும் ஏ²-ஐயும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? ஒரு ஜோடி ஒத்துவராவிட்டால் முற்றொருமை இல்லை, அது உறுதி. ஒத்துவந்தால் அப்புறமும் விரித்துப் பார்க்கத்தான் வேண்டும்.

வேலந்தாவளம் டீக்கடை:
போட்டேன் ஐயா. 7/12, 11/18. பகுதியைச் சமமாக்கினால் 21/36, 22/36. முப்பத்தாறில் ஒரு பங்கு! பால்காரர் இவ்வளவு குறைத்து ஊற்றினால் எனக்குத் தெரியவே தெரியாது. மகளிடம் காட்டினேன். "அப்போ பகுதி வேறவேறயா எடுத்தா கூட்டி 1 வராதா அப்பா?" என்றாள். சுருக்கிய பின்னமாக இருந்தால் வராதுதானே? இப்போது 2/3, 1/5 எடுத்துக்கொண்டு, பகுதி 225 ஆகிறதே என்று என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.