விக்கிப்பீடியாவுக்குப் புதிதாக வருபவரைத் தானியங்கி வரவேற்றால் போதுமா?

கரிசல்காட்டான்:
தமிழ் விக்கிப்பீடியாவில் ஒருவர் கணக்குத் தொடங்கினால், அவருடைய பேச்சுப் பக்கத்தில் ‘வாருங்கள்’ என்று ஒரு வார்ப்புரு, அதாவது முன்கூட்டியே எழுதிவைத்த செய்தி, தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. கூடவே ஒரு கொத்து இணைப்புகள். அத்தனையையும் படித்த புதியவர் யாராவது உண்டா? அதை எடுத்துவிட்டு, முதல் தொகுப்பை, அதாவது ஒரு பக்கத்தில் முதல் திருத்தத்தை, செய்தவருக்கு நம்மில் ஒருவர் கைப்பட நாலு வரி எழுதலாம். தானியங்கியை வைத்து வரவேற்கும் யோசனை ஆங்கில விக்கிப்பீடியாவில் பலமுறை வந்து பலமுறை தள்ளுபடியாகியிருக்கிறது. எந்திரம் சொல்லும் வணக்கத்தில் ஒட்டுதல் இல்லை என்பது அங்கே சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

வைகைக்கரை:
அங்கே ஆள்பலம் இருக்கிறது, தள்ளுபடி செய்யலாம். இங்கே யார் எதைத் திருத்தினார்கள் என்று காட்டும் அண்மைய மாற்றங்கள் பக்கத்தைத் தினமும் பார்ப்பவர்கள் எத்தனை பேர்? கணக்குத் தொடங்குபவர்களில் பலர் ஒரு தொகுப்பும் செய்வதில்லை. சிலர் சொந்தக் கடை விளம்பரத்தை ஒட்டிவிட்டுப் போகிறார்கள். இவர்களுக்கெல்லாம் கடிதம் எழுதிக்கொண்டிருந்தால் துப்புரவை யார் பார்ப்பது?

கரிசல்காட்டான்:
அண்ணே, எல்லாருக்கும் என்று நான் சொல்லவே இல்லை. முதல் தொகுப்பைச் செய்தவருக்கு மட்டும்.

நெய்தல்:
நீங்கள் இரண்டு பேரும் வரவேற்புச் செய்தியையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். அதற்கு அடுத்து வரும் செய்திதான் ஆளை விரட்டுகிறது. ஒருவர் தன் ஊர்க் கோயிலைப் பற்றி ஆசையாக எழுதுகிறார். மேற்கோள் போடத் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் நீக்கல் வார்ப்புரு விழுகிறது. ஒரே பக்கத்தில் மேலே ‘வாருங்கள்’, கீழே ‘நீக்கப்படும்’! அவர் எதை நம்புவார்?

ஆங்கில விக்கிப்பீடியாவில் பங்களிப்போர் எண்ணிக்கை 2007க்குப் பிறகு ஏன் சரிந்தது என்று ஆரோன் ஹாஃபேக்கரும் உடன் ஆய்வாளர்களும் 2013இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நல்லெண்ணத்தோடு வந்த புதியவர்களின் தொகுப்புகள்கூட வெட்டி எறியப்பட்டன, அதனால் அவர்கள் திரும்பி வரவில்லை என்பது அதன் முக்கிய முடிவு. புதியவர்களைக் கடிக்காதீர்கள் என்று அங்கே வழிகாட்டிப் பக்கமே உண்டு. இருந்தும் இந்த நிலை.

வைகைக்கரை:
அதே ஆங்கில விக்கி 2018இல் என்ன செய்தது என்பதையும் சொல்லுங்கள். கணக்குக்கு 4 நாள் வயதாகி, 10 தொகுப்புகளும் முடித்தவர்தான் நேரடியாகப் புதுக் கட்டுரை தொடங்க முடியும் என்று கதவைச் சாத்தியது. குப்பை தாங்க முடியாமல்தான். நமக்கும் பழைய அனுபவம் இருக்கிறது. கூகுள் கூலிக்கு ஆள் வைத்து, தன் கருவியால் மொழிபெயர்த்துத் தமிழில் ஏற்றிய கட்டுரைகளை மறந்துவிட்டீர்களா? அவற்றைச் செப்பனிட்டுத் தன்னார்வலர்களுக்கு முதுகு ஒடிந்தது. தரத்தைக் காப்பவனைக் கடிப்பவன் என்று சொன்னால் கோபம் வரத்தான் செய்யும்.

கொல்லிமலை:
நான் ஆசிரியை. பயிற்சி முகாம் வழியாக வந்தவள். மேற்கோள் எப்படிச் சேர்ப்பது என்று அங்கே ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து செய்து காட்டினார், அதனால்தான் இன்னும் இருக்கிறேன். என்னோடு வந்தவர்களில் பலர் தொடரவில்லை, முகாம் முடிந்ததும் அவர்களுக்குக் கேட்க ஆள் இல்லை. ஆங்கிலத்தில் 2012இல் ‘டீஹவுஸ்’ என்று ஓர் இடம் திறந்தார்கள். புதியவர் எவ்வளவு அடிப்படையான கேள்வி கேட்டாலும் ஒரு மனிதர் பொறுமையாகப் பதில் சொல்வார். நம்மிடம் ஒத்தாசைப் பக்கம் இருக்கிறது. ஆனால் புதியவருக்கு அப்படி ஒரு பக்கம் இருப்பதே தெரியாது.

நெய்தல்:
அதேதான். வார்ப்புருவில் அந்த ஓர் இணைப்பு போதும், மற்றதைத் தூக்குங்கள். அப்புறம், விளம்பரமோ அவதூறோ இல்லாத முதல் கட்டுரையை நீக்காமல் அவருடைய மணல்தொட்டிக்கு (எழுதிப் பழகுவதற்கான தனிப் பக்கம்) நகர்த்திவிட்டு, என்ன குறை என்று ஒரு வரி எழுதுங்கள்.

வைகைக்கரை:
நகர்த்துவதில் எனக்கு மறுப்பில்லை. அந்த ஒரு வரியை எழுத வாரத்துக்கு இரண்டு நாள் யார் உட்காருவீர்கள் என்று முதலில் பெயர் கொடுங்கள். அதுவரை வார்ப்புருவில் கை வைக்க ஒப்பமாட்டேன்.

கொல்லிமலை:
சனி, ஞாயிறு நான்.

கரிசல்காட்டான்:
புதன் எனக்கு. அண்ணே, உங்களுக்கு எந்த நாள்?