தோட்ட ஓரத்தில் எட்டு வீடுகள்: அனுமதிக்கலாமா?

மூன்றாம் டிவிஷன் எழுதியது:
மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எங்கள் தோட்டத்து டிவிஷன் (தோட்டப் பிரிவு) மூடப்பட்ட பிறகு, எட்டுக் குடும்பங்கள் சேர்ந்து ஊழியர் சேமநிதிப் பணத்தில் கோவிலுக்குப் பின்னால் 2 ஏக்கர் செம்பனை (எண்ணெய்ப் பனை) நிலம் வாங்கினோம். ஆளுக்கொரு வீடு கட்டிக்கொள்வதுதான் எண்ணம். விவசாய நிலம் என்ற ஒரே காரணத்தைச் சொல்லி, வீடு கட்ட அனுமதி கேட்ட விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். என் தாயார் 38 ஆண்டுகள் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். ஓய்வு பெற்ற மாதமே, தோட்டம் தந்த லயத்து வீட்டுச் சாவியை ஆபீஸ் மேசைமீது வைத்துவிட்டு வந்தார். அந்தச் சாவியில் கட்டியிருந்த சிவப்பு நூலை மட்டும் அவிழ்த்து எடுத்துக்கொண்டார். இப்படிப்பட்டவர்கள் வாழ்ந்த ஊரிலேயே தங்குவதற்கு, பத்து வீடுகளுக்கு உட்பட்ட சிறு குடியிருப்புகளுக்கென எளிய நடைமுறை ஒன்று வேண்டும் என்பது என் வாதம்.

வரைபடம் எழுதியது:
ஐயா, உங்கள் தாயாரின் நிலையை நான் மறுக்கவில்லை. ஆனால், திட்டமிடல் அலுவலகத்தில் வரைபட மேசையிலேயே காலம் கழித்தவன் என்ற முறையில், நீங்கள் கேட்கும் எளிமை உங்களையே பிறகு வாட்டும் என்று அஞ்சுகிறேன். 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டப்படி, விவசாய நிலத்தை ஐந்தில் இரண்டு ஹெக்டருக்கு, அதாவது சுமார் ஓர் ஏக்கருக்கு, குறைவான துண்டுகளாகப் பிரித்துத் தனித்தனிக் கிராண்ட் (நில உரிமைப் பத்திரம்) பெற முடியாது. உங்கள் நிலம் இரண்டு கிராண்டாகலாம், எட்டாகாது. எட்டுப் பெயரும் ஒரே கிராண்டில்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். அப்படியானால், வங்கியில் முழு நிலத்தையும் அடமானம் வைக்க எட்டுப் பேரும் கையெழுத்திட வேண்டும். ஒருவர் இறந்தால் அவருடைய வாரிசுகளையும் தேடிப்பிடிக்க வேண்டும். "பங்களா லாட்" (பங்களா மனை) என்று விவசாய நிலத்தைக் கூறுபோட்டு விற்கும் தரகர்கள் இதை வாய் திறந்து சொல்வதே இல்லை.

வடிகால் இன்னொரு தலைவலி. இப்படி அனுமதியின்றி எழுந்த ஒரு குடியிருப்பைப் பார்க்கப் போயிருக்கிறேன்; ஒரு வீட்டின் மலக்குழிக்கும் அடுத்த வீட்டின் கிணற்றுக்கும் இடையே பத்தடிகூட இல்லை. மழைக்காலத்தில் அந்தச் செம்மண் பாதையில் எங்கள் வண்டியே புதைந்துவிட்டது. தீயணைப்பு வண்டி எப்படி வரும்?

ஆசிரியை எழுதியது:
அண்ணா சொல்லும் சட்டம் சரி. ஆனால் அந்தச் சட்டத்தின் நிழலில் ஊர் காலியாகிக்கொண்டிருப்பதையும் பார்க்க வேண்டும். எங்கள் தமிழ்ப்பள்ளியில் இவ்வாண்டு முதலாம் ஆண்டில் நால்வர்தான் இருக்கிறார்கள். தோட்டத்தை விட்டுப் போனவர்கள் பட்டணத்து அடுக்குமாடிகளில் வாடகைக்கு இருக்கிறார்கள். குறைந்த வருமானத்தினருக்கான ருமா மெஸ்ரா ராக்யாட் திட்டம் இருக்கிறதே என்பார்கள். வீடு கட்டுவதற்கு நிலம் உள்ளவருக்குத்தான் அந்தத் திட்டம் பயன்படும். தலைமுறை தலைமுறையாகத் தோட்ட வீட்டில் இருந்தவருக்கு நிலம் எங்கிருந்து வரும்? இவர்கள் எப்படியோ நிலத்தை வாங்கிவிட்டார்கள், அதற்கும் நிலத்தின் வகை சரியில்லை என்கிறோம்.

வரைபடம் எழுதியது:
ஆசிரியை அவர்களே, 1950களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். அதைத் தடுக்கத்தான் இதே சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டங்களைத் துண்டாக்காமல் முழுதாக வாங்க வழி செய்தார். இன்று அதே தொழிலாளர்களின் பெயரைச் சொல்லி நிலத்தைக் கூறுபோடச் சொல்வது எனக்கு நெருடுகிறது. இன்று எட்டுக் குடும்பங்களுக்குத் தளர்த்தினால், அதே வழியில் நாளை தரகர்களும் நுழைவார்கள். நான்கு வீடுகளுக்கு மேல் கட்டும் மேம்பாட்டாளர்தான் வீடமைப்புச் சட்டப்படி உரிமம் பெற வேண்டும். ஆகவே இங்கே நான்கு, வேலிக்கு அப்பால் இன்னொருவர் பெயரில் நான்கு என்று கட்டிவிட்டு, சாலையை எவர் தலையிலாவது கட்டிவிடுவார்கள்.

மூன்றாம் டிவிஷன் எழுதியது:
துன் சம்பந்தனை நீங்கள் இழுத்தது நியாயமில்லை, ஐயா. அன்று துண்டுகளை வாங்கியவர்கள் விலையேற்றத்துக்காக வாங்கினார்கள். நாங்கள் குடியிருக்க வாங்கியிருக்கிறோம். பத்தாண்டுகளுக்கு விற்கக்கூடாது என்று கிராண்டிலேயே எழுதினாலும் எங்களுக்குச் சம்மதம். 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலம் கைமாறத் தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. இருந்தும் எத்தனையோ தோட்டங்கள் தாமான்களாக (வீடமைப்புப் பகுதிகளாக) மாறிவிட்டன. அவற்றுக்கெல்லாம் வகை மாறும்போது, எங்கள் 2 ஏக்கர் மட்டும் எப்படி நாட்டின் விவசாயத்தைக் கெடுக்கும்? பெயர் சிக்கலைப் பற்றி நீங்கள் எழுதியது மட்டும் உறைத்தது. ஆம், எட்டுப் பேரும் ஒரே கிராண்டில்தான் இருக்கிறோம்.

வரைபடம் எழுதியது:
அப்படியானால் கேட்க வேண்டியது விதிவிலக்கை அல்ல. கட்டட நிலமாக வகை மாற்றுவதற்கும் பிரிப்பதற்கும் எட்டுப் பேரும் சேர்ந்து விண்ணப்பியுங்கள். நிலம் மாநிலத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டது. வகைமாற்றத்துக்குப் பிரிமியம் (மாநில அரசுக்குரிய கட்டணம்) கட்ட வேண்டியிருக்கும், அதைத் தவணையில் செலுத்தக் கேட்டுப் பாருங்கள். 2 ஏக்கர் என்பது 87,120 சதுர அடி. எட்டாகப் பிரித்தால் ஆளுக்கு 10,890. நிலம் ஏறத்தாழச் சதுரமாக இருந்து, குறுக்கே 40 அடி அகலச் சாலைக்கு இடம் விட்டால் ஆளுக்கு 9,400 சதுர அடி வரும். வடிகாலுக்கு இன்னும் கொஞ்சம் போகும். அதுவே தாராளமான மனை. 1976ஆம் ஆண்டின் நகர், ஊரகத் திட்டமிடல் சட்டப்படி, வட்டாரத் திட்டத்தின் வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். கோவிலையும் பள்ளியையும் சுற்றியுள்ள பகுதியைக் கிராமக் குடியிருப்பாகக் குறிக்கும்படி அப்போது கேளுங்கள். சிதறிய வீடுகளை எதிர்க்கிறேன். பள்ளியை ஒட்டிய எட்டு வீடுகளை அல்ல.

மூன்றாம் டிவிஷன் எழுதியது:
நன்றி, ஐயா. கணக்கை மற்றவர்களிடம் காட்டினேன். ஏழு குடும்பங்கள் சாலைக்கு இடம்விடச் சம்மதித்துவிட்டன. பாதையோரம் தம் பங்கு என்று நான்கு தென்னங்கன்றுகளை ஊன்றிவிட்ட பெரியவர் மட்டும் அசைய மறுக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கோவில் மண்டபத்தில் கூடுகிறோம். முடிந்தால் நீங்களும் வாருங்கள். நான் சொன்னால் கேட்காதவர், வரைபடத்தைக் காட்டினால் ஒருவேளை கேட்பார்.