நிழல் தொலைந்த ஊர்: ஒளிப் பாடத்துக்கான சாகச விளையாட்டு, ஆலோசனை தேவை

கல்விளக்கு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் கற்பிக்கிறேன். ஒளி பற்றிய பாடத்துக்காக, காட்சியில் தெரியும் பொருள்களை மௌசால் சொடுக்கி விளையாடும் பழைய பாணிச் சாகச விளையாட்டு ஒன்றை ஓய்வு நேரங்களில் உருவாக்கி வருகிறேன். கதை இதுதான். மலையடிவார ஊர் ஒன்றில் ஒரு நாள் விடிந்தபோது எவருக்கும் நிழல் இல்லை. கோட்டையில் வாழும் மந்திரவாதி நிழல்களைத் திருடிக் குடுவைகளில் அடைத்து வைத்திருப்பதை அறிந்த பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி அவற்றை மீட்கப் புறப்படுகிறாள். கோட்டைக்கு ஏழு வாயில்கள். ஒவ்வொரு வாயிலிலும் ஒரு பூதம் ஒளியைப் பற்றிக் கேள்வி கேட்கும். சரியான விடையைத் தேர்ந்தால் கதவு திறக்கும்.

முதல் இரண்டு வாயில்களை முடித்து, ஒரு வகுப்பில் விளையாடக் கொடுத்துப் பார்த்தேன். ஓவியங்களைப் பிள்ளைகள் மிகவும் ரசித்தார்கள். ஆனால் பூதம் வாயைத் திறந்ததும் நான்கு விடைகளையும் மேலிருந்து கீழாக வரிசையாகச் சொடுக்கிக் கதவைத் திறந்துவிட்டு, அடுத்த ஓவியத்தைத் தேடிப் போய்விட்டார்கள். பாடத்தைக் கதைக்குள் எப்படிப் பொருத்துவது, நாற்பது நிமிடப் பாடவேளைக்கு எத்தனை புதிர்கள் தாங்கும் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும். விளையாட்டை உருவாக்க நான் பயன்படுத்தும் யூனிட்டி மென்பொருளில் தமிழ் எழுத்துகள் சிதறித் தெரிவதற்கும் வழி தேடுகிறேன்.

மேலைத்தாழ்வாரம் எழுதியது:

பிள்ளைகள் செய்ததில் தவறில்லை. உங்கள் விளையாட்டில் கேள்வி என்பது வழியில் கிடக்கும் தடை. தடையை எவரும் குறைந்த உழைப்பில்தான் தாண்டப் பார்ப்பார்கள். தாமஸ் மலோன் 1981-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இந்த வேறுபாட்டைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார். கற்பனைக் கதை பாடத்தின் மேல் ஒட்டப்பட்டிருப்பது ஒரு வகை. பாடத்தின் விதியே கதையுலகின் விதியாக இருப்பது இன்னொரு வகை. உங்கள் பூதம் ஒளியைப் பற்றிக் கேட்கும் அதே வாயில், நாளைக்கே சேர மன்னர்களைப் பற்றிக் கேட்டாலும் கதையில் எதுவும் மாறாது. அப்படி மாறாமல் இருந்தால் அது ஒட்டு வேலை.

ஹாப்குட், ஐன்ஸ்வொர்த் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வகுத்தல் கணக்குக்கான ஒரு விளையாட்டை இரு விதமாக அமைத்துச் சோதித்து, 2011-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒன்றில், மார்பில் எண் பொறித்த எலும்புக்கூடுகளை அந்த எண்ணை மீதியின்றி வகுக்கும் ஆயுதத்தால்தான் வீழ்த்த முடியும். மற்றொன்றில், சண்டை தனியாகவும் கணக்கு தனியாகவும் இருக்கும். ஒரே கால அளவில் முதல் விதத்தை விளையாடிய பிள்ளைகள் கூடுதலாகக் கற்றார்கள். ஓய்வு நேரத்தில் அதையே ஏழு மடங்கு நேரம் விளையாடினார்கள்.

ஆகவே பூதங்களை வேலையிலிருந்து நீக்கிவிட்டு, ஒளியின் நடத்தையாலேயே திறக்கும் கதவுகளை அமையுங்கள். தன்னைவிடப் பெரிய உருவத்துக்கு மட்டும் அஞ்சும் காவலன் ஒருவன் இருக்கட்டும். சிறுமியிடம் 30 சென்டிமீட்டர் உயரமுள்ள தோல்பாவை ஒன்று இருக்கிறது. விளக்குக்கும் திரைக்கும் இடைவெளி 3 மீட்டர். பாவையை விளக்கிலிருந்து 1 மீட்டரில் பிடித்தால் நிழல் 90 சென்டிமீட்டர். அரை மீட்டரில் பிடித்தால் 180. விளையாடுபவர் பாவையை முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்து இதைத் தாமே கண்டுகொள்வார். தோல்பாவையில் வண்ணம் திரையில் தெரிவதால், ஒளி ஊடுருவும் பொருளுக்கும் ஊடுருவாப் பொருளுக்கும் உள்ள வேறுபாட்டையும் அதே காட்சியில் கொண்டுவந்துவிடலாம்.

ஊசித்துளை எழுதியது:

மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் கதையின் ஆணிவேரிலேயே ஒரு சிக்கல் இருப்பதை எவரும் சுட்டவில்லை. நிழல் என்பது ஒரு பொருள் என்றும், இருட்டில் அது எங்கோ போய் ஒளிந்துகொள்கிறது என்றும் சிறு பிள்ளைகள் பலர் நம்புகிறார்கள். நிழலைக் குடுவையில் அடைக்க முடியும் என்று உங்கள் விளையாட்டு சொன்னால், வகுப்பறையில் நீங்கள் களைய வேண்டிய தவறான எண்ணத்துக்கு நீங்களே உரம் போடுகிறீர்கள். நிழல் என்பது ஒளி வந்து சேராத இடம். அதைத் திருட முடியாது.

இதற்காகக் கதையைக் கைவிட வேண்டாம். நிழல் திருடப்பட்டது என்பது ஊராரின் நம்பிக்கையாக மட்டும் இருக்கட்டும். மந்திரவாதி செய்ததோ வேறு. அவன் ஊரைச் சுற்றியுள்ள பாறைகளில் நூற்றுக்கணக்கான கண்ணாடிகளைப் பதித்து, எல்லாத் திசைகளிலிருந்தும் ஒளி விழும்படி செய்துவிட்டான். அறுவை சிகிச்சை அரங்கின் விளக்கில் மருத்துவரின் கை நிழல் தெளிவாக விழாமல் இருப்பதற்கும் இதுதான் காரணம்: பல கோணங்களிலிருந்து வரும் ஒளி, ஒன்று விட்ட இடத்தை மற்றொன்று நிரப்புகிறது. சிறுமி கண்ணாடிகளை ஒவ்வொன்றாக மூட மூட, ஊராரின் காலடியில் மங்கலான பல நிழல்கள் தோன்றி, எண்ணிக்கை குறைந்து, கடைசியில் கருத்த ஒற்றை நிழல் மிஞ்ச வேண்டும். எந்தக் கண்ணாடி எந்த முற்றத்துக்கு ஒளி அனுப்புகிறது என்று தேடும்போது, படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம் என்ற விதி தானாகவே கைக்கு வந்துவிடும்.

பொய்த் தடயம் ஒன்றையும் வைக்கலாம். தமிழ்நாட்டு ஊர்கள் எல்லாவற்றிலும் ஆண்டுக்கு இரு முறை உச்சிப்பொழுதில் செங்குத்தான கம்பத்துக்கு நிழல் விழுவதில்லை. சென்னையில் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 ஆகிய நாள்களை ஒட்டி அது நிகழ்கிறது. ஊர்க் கிழவர் ஒருவர், "இது மந்திரம் இல்லை அம்மா, வருடா வருடம் வருவதுதான்" என்று அடித்துச் சொல்லட்டும். நிழல் சில நிமிடங்களில் திரும்பிவிட வேண்டுமே, மாலை வரை ஏன் வரவில்லை என்று சிறுமி அவரை மடக்கும் இடம் நல்ல உரையாடலாக அமையும்.

வரைபடக்காரர் எழுதியது:

எத்தனை புதிர்கள் என்ற கேள்விக்கு என் பதில்: நாற்பது நிமிடத்துக்கு மூன்று, மிஞ்சினால் நான்கு. கணினியைத் திறந்து, இருவர் மூவராக உட்கார்ந்து, யார் மௌசைப் பிடிப்பது என்ற பஞ்சாயத்து முடியவே பத்து நிமிடம் ஆகிவிடும்.

ஓவியம் வரைவதற்கு முன் புதிர்களின் சார்பு வரைபடத்தைத் தாளில் போட்டுக்கொள்ளுங்கள். 1987-இல் வந்த மேனியாக் மேன்ஷன் என்ற சாகச விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான ரான் கில்பர்ட் பரிந்துரைக்கும் முறை இது. கடைசிப் புதிரை அடியில் எழுதி, அதற்கு என்ன தேவை, அந்தத் தேவைக்கு முன் என்ன தேவை என்று மேல்நோக்கிப் போக வேண்டும். வரைபடம் ஒற்றைக் கயிறாக நீண்டால், ஓரிடத்தில் சிக்கிய பிள்ளைக்கு வேறு வேலை இருக்காது. இரண்டு மூன்று கிளைகள் ஒரே நேரத்தில் திறந்திருந்தால், ஒன்றை விட்டு இன்னொன்றுக்குப் போய் யோசித்துவிட்டுத் திரும்பலாம். ஒரு பொருளை எடுக்க மறந்ததால் இனி முடிக்கவே முடியாது என்ற முட்டுச்சந்து எங்கும் இருக்கக் கூடாது. 1980-களின் சாகச விளையாட்டுகள் பலவற்றில் அந்தக் கொடுமையை நானே அனுபவித்திருக்கிறேன்.

என் அனுபவத்தில் எல்லோரும் கோட்டை விடுவது தவறான முயற்சிக்கான மறுமொழியில்தான். பையில் 12 பொருள்களும் சொடுக்கக்கூடிய 30 இடங்களும் இருந்தால் 360 இணைகள் உண்டாகும். அவற்றில் சரியானவை பத்துகூட இருக்காது. மீதி எல்லாவற்றுக்கும் "இது வேலை செய்யாது" என்று எழுதி வைத்தால், உங்கள் மாணவர்கள் முன்பு செய்ததுபோலவே கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் எல்லாவற்றின் மேலும் சொடுக்குவார்கள். கண்ணாடியை மூடத் தெளிந்த கண்ணாடித் தட்டை வைத்தால், "ஒளி இதன் வழியாகவும் போய்விடுகிறதே" என்று சிறுமி சொல்ல வேண்டும். எண்ணெய்த் தாளை வைத்தால், "கொஞ்சம் மங்கியிருக்கிறது, போதாது" என்று சொல்ல வேண்டும். பிள்ளை தவறு செய்யக்கூடிய இடங்களை ஆசிரியரான நீங்கள் எங்களைவிட நன்றாக அறிவீர்கள். அந்த நாற்பது ஐம்பது மறுமொழிகளுக்கு ஓவியத்தைவிட அதிக நேரம் ஒதுக்குங்கள்.

எழுத்தச்சு எழுதியது:

எழுத்துச் சிதறலுக்குக் காரணம் எழுத்துரு அல்ல. யூனிகோடில் "கெ" என்பது முதலில் ககரம், பிறகு கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னால் கொண்டுவருவது எழுத்து வடிவமைப்பு நிரலின் வேலை. யூனிட்டியில் எழுத்துகளைத் திரையில் காட்டும் டெக்ஸ்ட்மெஷ் புரோ அதைச் செய்வதில்லை. யூனிட்டி போன்ற இன்னொரு விளையாட்டு என்ஜினான கோடாட் 4-இல், அந்த வேலையைச் செய்யும் ஹார்ஃப்பஸ் நிரல் உள்ளேயே இருப்பதால் தமிழ் ஒழுங்காக வரும். கோடாட் 3-இல் வராது, பழைய பாடக் காணொளிகளைப் பார்த்து ஏமாற வேண்டாம். எந்த என்ஜினாக இருந்தாலும் முதல் நாளே "கை, கொக்கு, பௌர்ணமி, ஸ்ரீ" என்று ஒரு வரி எழுதிப் பார்த்துவிட்டு மேலே செல்லுங்கள்.

உரையாடலை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டச்சு செய்வதுபோல் காட்டும் ஆசை இருந்தால், அதைச் சொல் சொல்லாக மாற்றிக்கொள்ளுங்கள். குறியீடுகளை எண்ணிக் காட்டும் நிரல் முதலில் "க" என்று காட்டி, அடுத்த நொடி அதை "கை" ஆக்கும்போது வரி முழுவதும் துள்ளும். தட்டுத்தடுமாறிப் படிக்கும் பிள்ளைக்கு அது பெரிய இடைஞ்சல்.

கல்விளக்கு எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. குடுவைகளையும் பூதங்களையும் நீக்கிவிட்டேன். ஒரே ஒரு பூதத்தைத் தோல்பாவைக் காட்சியின் காவலனாக வைத்திருக்கிறேன், ஓவியத்தை வீணாக்க மனம் வரவில்லை. கோடாட் 4-இல் முதல் காட்சியை மீண்டும் அமைத்தபோது கொம்புகள் தத்தம் இடத்தில் நின்றன. வரைபடம் போட்டதில் ஓர் ஐயம் எழுந்தது. ஊரின் வீடுகள் எல்லாம் சுண்ணாம்பு பூசிய வெள்ளைச் சுவர்கள். கண்ணாடிகளை எல்லாம் மூடிய பிறகும் அச்சுவர்களிலிருந்து ஒளி வருமே, நிழல் முழுக்கக் கருக்குமா?

ஊசித்துளை எழுதியது:

முழுக்கக் கருக்காது, கருக்கவும் கூடாது. கண்ணாடி ஒளியை ஒரு திசையில் திருப்புகிறது. சுண்ணாம்புச் சுவர் எல்லாப் பக்கமும் சிதறடிக்கிறது. சுவரை ஒட்டி நிற்பவரின் நிழல் திறந்த வெளியில் நிற்பவரின் நிழலைவிடச் சற்று வெளிறியிருக்கும். வானத்தின் ஒளியும் அதில் சேரும். கடைசிக் காட்சியில் இருவரையும் நிறுத்தி இரு நிழல்களையும் வேறு வேறு அடர்த்தியில் வரையுங்கள். எவரேனும் ஒரு பிள்ளை அதைக் கவனித்துச் சொடுக்கினால் சிறுமி என்ன சொல்வாள் என்பதையும் இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.