நேட்டால் போர்க்களங்கள்: இரண்டு நாளில் எவற்றைப் பார்க்கலாம்?

வழிப்போக்கன்:
வணக்கம். ஜூலை மாதம் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள உறவினர் வீட்டுக்குச் செல்கிறோம். அம்மண்ணின் ஜூலுக்களும் டச்சு வழிக் குடியேறிகளான போயர்களும் ஆங்கிலேயரும் மோதிய களங்களைக் காண இரண்டு நாள் ஒதுக்க முடியும். எழுபதைக் கடந்த என் தந்தையும் உடன் வருவதால் மலையேற்றம் இயலாது. எங்கே தங்குவது, எதை முதலில் பார்ப்பது, வழிகாட்டி அவசியமா?

ஏரிக்கரை:
டண்டீ நகரில் தங்குங்கள். முதல் நாள் காலையில் இசண்டில்வானாவையும் பிற்பகலில் ரோர்க்ஸ் டிரிஃப்டையும் பார்த்தால், 1879 ஜனவரி 22 அன்று நடந்தவை நடந்த வரிசையிலேயே விளங்கும். ஆங்கிலேயத் தளபதி செல்ம்ஸ்ஃபோர்ட் பிரபு படையில் ஒரு பகுதியை அழைத்துக்கொண்டு விடியுமுன் கிளம்பிவிட, மலையடியில் அரணின்றிக் கிடந்த பாசறையை ஜூலு மன்னர் சேட்சுவாயோவின் ஏறத்தாழ 20,000 வீரர்கள் இரு புறமும் வளைத்துக்கொண்டனர். ஆங்கிலேயர் தரப்பில் சுமார் 1,300 பேர் மாண்டனர். அவர்களைப் புதைத்த இடங்களில் வெள்ளையடித்த கற்குவியல்கள் இருக்கின்றன. வழிகாட்டி கட்டாயம் வேண்டும், அதிலும் ஜூலு வழிகாட்டி கிடைத்தால் விடாதீர்கள். யார் எந்த மேட்டின் பின்னாலிருந்து வந்தார்கள் என்று காட்ட ஆளில்லையென்றால், அங்கே தெரிவது புல்வெளி மட்டுமே.

பழைய வரைபடம்:
ரோர்க்ஸ் டிரிஃப்டுக்கு ஒரு மணி நேரம் போதும். ஜூலுக்களை எதிர்த்து ஆங்கிலேயர் தரப்பில் சுமார் 150 பேர் தாக்குப்பிடித்ததற்காக, வீரத்துக்கான உயரிய பிரிட்டிஷ் விருதான விக்டோரியா சிலுவைகள் 11 வழங்கப்பட்ட அந்தச் சண்டையைப் பற்றிப் பேசியதெல்லாம், என் கருத்தில், அதன் அளவுக்கு மிஞ்சியது. மிச்சமாகும் நேரத்தில் இன்கோமே ஆற்றுக்குச் செல்லுங்கள். 1838 டிசம்பர் 16 அன்று போயர்கள் வண்டிகளை அரணாக நிறுத்திப் போரிட்ட மேற்குக் கரையில் 64 வெண்கல வண்டிகள் நிற்கின்றன; மடிந்த ஜூலுக்கள் சுமார் 3,000 பேர், போயர் தரப்பில் உயிரிழந்தவர் எவருமில்லை. எதிர்க்கரையில் ஜூலுக்களின் பார்வையைச் சொல்லும் அருங்காட்சியகம் இருக்கிறது. இரண்டு கரைகளையும் பாருங்கள். ஒன்றைத் தவிர்ப்பது வழக்கில் ஒரு தரப்பை மட்டும் கேட்பதற்குச் சமம்.

மலைச்சாரல்:
இரண்டாம் நாள் டர்பனுக்குத் திரும்பும்போது லேடிஸ்மித் வழியாக வந்து ஸ்பியோன்கோப் குன்றைப் பாருங்கள். உச்சிக்கு அருகிலேயே கார் செல்லும் என்பதால் உங்கள் தந்தைக்குச் சிரமமில்லை. ஆங்கிலேயருக்கும் போயர்களுக்கும் நடந்த போரில், 1900 ஜனவரி 24 அன்று மூடுபனி விலகிய பிறகே, சுற்றிலுமுள்ள குன்றுகளிலிருந்து போயர்கள் தங்களைக் குறிவைக்க முடியும் என்பது மேலே இருந்த ஆங்கிலேயருக்குப் புரிந்தது. பாறை நிலத்தில் அவர்களால் ஆழமாகத் தோண்ட முடியாத பதுங்குகுழியே அவர்களுக்குக் கல்லறையாயிற்று. காயமுற்றோரை டோலியில் சுமந்தவர்கள் காந்தி திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படையினர். சுமார் 1,100 பேரில் பெரும்பாலோர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். நேட்டாலுக்கு வந்த அத்தொழிலாளர்களில் மிகுதியானோர் சென்னையில் கப்பலேறிய தமிழரும் தெலுங்கரும் என்பதால், நம்மவர் சென்று பார்க்க வேண்டிய குன்று இது.

வழிப்போக்கன்:
மிக்க நன்றி. இசண்டில்வானாவுக்குச் சாதாரணக் காரில் செல்லலாமா?

ஏரிக்கரை:
ஜூலையில் மழை குறைவு என்பதால் மண்சாலையிலும் மெதுவாகச் செல்லலாம். இருட்டுமுன் டண்டீக்குத் திரும்பிவிடுங்கள். அப்பகுதியில் மாடுகள் சாலையிலேயே நிற்கும். காலைக் குளிர் கடுமையாக இருக்கும், தந்தைக்குக் கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள்.