8 பேர் படிக்கிற முதுமாணி: கற்றற்பேறையும் பதிவையும் எப்பிடிக் கணக்கில காட்டுறது?

குளக்கட்டு:
கிளிநொச்சிப் பக்கம் ஒரு விவசாய முதுமாணிக் கற்கைநெறி. எஸ்.எல்.கியூ.எப். (இலங்கைத் தகைமைகள் சட்டகம்) 10ஆம் மட்டம், 60 கிரெடிட், சனி ஞாயிறு வகுப்பு. படிக்கிறவை பெரும்பாலும் விவசாயப் போதனாசிரியர்களும் பள்ளிக்கூட ஆசிரியர்களும். கடைசி அணியில (ஒண்டாய்ச் சேர்ந்து படிச்சவை) 8 பேர். கற்கைநெறியின்ர தர மீளாய்வுக்குச் சுயமதிப்பீட்டு அறிக்கை எழுதவேணும். கற்றற்பேறு எண்டது படிச்சு முடிக்கேக்க மாணவருக்குக் கைவரவேண்டிய திறன். "கற்றற்பேறு 3ஐ 87.5% மாணவர் அடைந்தனர்" எண்டு போட்டால் சரியோ? புதுப் பதிவும் குறையுது. அதை எந்தக் கணக்கால காட்டுறது?

பாலைமரம்:
சதவீதம் வேண்டாம். "8 பேரில் 7 பேர்" எண்டு எழுதுங்கோ. 8இல 7க்கு வில்சன் எண்ட புள்ளிவிபர முறையில 95% நம்பக வீச்சு (உண்மை வீதம் இருக்கக்கூடிய எல்லை) ஏறக்குறைய 53% தொடக்கம் 98% வரை போகும். அடுத்த அணியில 8 பேரில் 6 பேர் அடைஞ்சினம் எண்டால் "12.5 புள்ளி வீழ்ச்சி" எண்டு மீளாய்வாளர் கேட்பார். உண்மையில அது ஒரே ஒரு ஆள். மூன்று அணியைச் சேர்த்துக் காட்டலாம், ஆனால் மூன்றுக்கும் ஒரே அளவுகோல் பாவிச்சிருக்கவேணும்.

பரீட்சைப் புள்ளியைக் கற்றற்பேறாகக் காட்டுறதுதான் பெரிய பிழை. கற்றற்பேறு தரவுப் பகுப்பாய்வு எண்டால், அந்தக் கேள்வியைத் தொடாமலே ஒருவர் பரீட்சையில 62 எடுக்கலாம். ஆய்வு முன்மொழிவையும் ஆய்வேட்டையும் எடுங்கோ. ஐந்தாறு வரி, நாலு மட்டம் கொண்ட ரூப்ரிக் (புள்ளியிடும் அளவுகோல் அட்டவணை) போதும். "நன்று, மிக நன்று" எண்டு எழுதினால் ஆளுக்காள் ஒரு அர்த்தம் எடுப்பினம். பகுப்பாய்வு வரிக்கு இப்பிடி எழுதலாம்: மட்டம் 2, பொருத்தமான புள்ளிவிபரச் சோதனையைச் செய்தார், அதின்ர எடுகோள்களைப் பார்க்கவில்லை. மட்டம் 3, பார்த்து விளக்கினார். மட்டம் 4, எடுகோள் பிழைத்தால் முடிவு எப்பிடி மாறும் எண்டும் சொன்னார்.

இரண்டு பேர் தனித்தனியாய்ப் புள்ளி போடவேணும். ரெண்டு பேரில ஒருவரும் அந்த மாணவனின்ர மேற்பார்வையாளராய் இருக்கக்கூடாது. சின்னத் துறையில தன்ர மாணவனுக்குக் கை தாராளமாய்த்தான் போகும். பெயரை மறைச்சும் பிரயோசனமில்லை, தலைப்பைப் பார்த்தாலே ஆள் ஆரெண்டு தெரியும். இரண்டு மட்டம் வித்தியாசம் வந்தால் இருந்து கதைச்சு, மாற்றினதையும் காரணத்தையும் குறிச்சு வையுங்கோ. 8 பேருக்குக் கப்பா (ரெண்டு பேரின்ர புள்ளி ஒத்துப்போறதை அளக்கிற எண்) கணிக்காதேங்கோ, ஒரு ஆளோட ஆடிப்போகும். எத்தனை இடத்தில ஒத்துப்போச்சு எண்டு எழுதினால் காணும்.

முறிகண்டிச்சந்தி:
பதிவுக்கு நான் சொல்லுறன். எக்செலில ஆளுக்கொரு வரி. விண்ணப்பம், தகுதி, அனுமதிக் கடிதம், முதல் கட்டணம், பாடப்பகுதி முடிவு, முன்மொழிவு அங்கீகாரம், ஆய்வேடு கையளிப்பு, பெறுபேறு: ஒவ்வொன்றுக்கும் திகதி. இந்த வருசம் பட்டம் பெற்றவையை இந்த வருசம் பதிஞ்சவையால பிரிக்காதேங்கோ, அது இரண்டும் வேற வேற ஆக்கள். அணி அணியாய்த்தான் பார்க்கவேணும். ஒத்திவைச்சவரை விலகினவரோட சேர்க்கக்கூடாது.

எந்தக் கட்டத்தில ஆள் குறையுது எண்டதிலதான் காரணம் கிடக்கு. கடிதம் கிடைச்சும் காசு கட்டாட்டில், கட்டணத் தவணையும் கடமை விடுவிப்பும் பாருங்கோ. முதல் அரையாண்டில நிண்டால் இடமாற்றமும் போக்குவரத்தும். முல்லைத்தீவால வாறவருக்கு ஞாயிறு பின்னேர வகுப்பு எத்தனை மணிக்கு முடியுது, அதுக்குப் பிறகு பஸ் இருக்கோ? பாடமெல்லாம் முடிச்சவர் நிண்டால் அது ஆய்வேட்டுச் சிக்கல். பத்திரிகை விளம்பரம் விண்ணப்பத்தை மட்டுந்தான் கூட்டும்.

ஆய்வேட்டில நேரக் கணக்கே ஒரு பொறி. ஆய்வுக்குக் குறைஞ்சது 15 கிரெடிட், கிரெடிட்டுக்கு 100 மணித்தியாலம், மொத்தம் 1500. வேலையில இருக்கிறவர் கிழமைக்கு 15 மணித்தியாலம் ஒதுக்கினாலும் 100 கிழமை.

அதோட போகக் கணக்கு. தையில தொடங்கி மார்கழியில பாடம் முடிச்சு, மாசியில முன்மொழிவு அங்கீகாரம் எண்டால் காலபோக (மாரிமழைப் போகம்) நெல் அறுவடைக்கு வந்திடும். வயல் பரிசோதனைக்கு அடுத்த ஐப்பசி வரை காத்திருக்கவேணும். சிறுபோகத்தில (கோடைப் போகம்) செய்வம் எண்டால் இரணைமடுக் குளத்துத் தண்ணியைப் பார்த்துப் போகக் கூட்டத்திலதான் விதைக்கிற பரப்பைத் தீர்மானிப்பினம், நம்பேலாது. பாடம் நடக்கேக்கையே முன்மொழிவை ஆவணிக்குள்ள முடிச்சால் அந்த வருசக் காலபோகத்தையே பிடிக்கலாம்.

குளக்கட்டு:
நன்றி அண்ணை. எங்கட முன்மொழிவுக் கூட்டம் மாசியிலதான் நடக்குது! பாடத்தை மட்டும் முடிச்சு ஆய்வேடு செய்யாமல் நிண்டவையை என்னெண்டு போடுறது?

பாலைமரம்:
உங்கட விதிமுறையில இடையில வெளியேற வழி இருக்கோ எண்டு பாருங்கோ. ஆய்வில்லாத 30 கிரெடிட் பாடநெறி முதுமாணி 9ஆம் மட்டம். அப்பிடிப் போனவைக்குத் தனி நிரல், விலகல் இல்லை.

இன்னொண்டு. 8 பேரை ஆண் பெண், மாவட்டம் எண்டு உடைச்சு அட்டவணை போடாதேங்கோ. "மன்னார், பெண், 1" எண்டால் பெயர் போட்ட மாதிரித்தான். மாணவர் கருத்துப் படிவமும் அப்பிடித்தான், கையெழுத்தே காட்டிக்குடுக்கும். துறைக்கு வெளியால ஒருவரை வைச்சு, பெறுபேறு வந்த பிறகு வாங்குங்கோ.