புதுப்பிப்பு: சுக்கோட்டி பூங்கா ஏன் தேர்வானது?

பங்குச் சந்தைக்கு அருகில் இருந்ததால்தான் 2011இல் பொருளாதார ஏற்றத்தாழ்வையும் பெரும் நிதி நிறுவனங்களின் ஆதிக்கத்தையும் எதிர்த்த வால் ஸ்ட்ரீட் முற்றுகைப் போராட்டக்காரர்கள் நியூயார்க்கின் சுக்கோட்டி பூங்காவில் கூடி முகாமிட்டார்கள் என்று என் முந்தைய இழையில் எழுதியிருந்தேன். அது பாதி உண்மைதான். மீதியை இங்கே சேர்க்கிறேன்.

செப்டம்பர் 17 அன்று அவர்கள் முதலில் மனத்தில் வைத்திருந்த சேஸ் மன்ஹாட்டன் பிளாசா என்ற சதுக்கத்தைக் காவல்துறை முன்கூட்டியே தடுப்பு வைத்து அடைத்துவிட்டதால், மாற்று இடங்களில் ஒன்றாகக் குறித்து வைத்திருந்த சுக்கோட்டிக்குக் கூட்டம் நகர்ந்தது. மாநகராட்சிப் பூங்காக்களை இரவில் மூடிவிடலாம். சுக்கோட்டியோ தனியாருக்குச் சொந்தமான பொதுவெளி: 1960களில் பக்கத்துக் கோபுரத்தைக் கட்டியவர்களுக்கு மாநகராட்சி கட்டட விதிகளில் சலுகை தந்து, அதற்கு ஈடாகப் பொதுமக்களுக்கென்று பெற்ற இடம் அது. இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. இந்த ஒரு வரிதான் முகாமைக் காப்பாற்றியது என்று இப்போது உறுதியாக நம்புகிறேன்.

கருங்கல் இருக்கைகளுக்கு நடுவே, வெறும் கல்தரையில் படுத்தார்கள். அனுமதியின்றி ஒலிபெருக்கி வைக்கக் கூடாது என்பதால், ஒருவர் பேசிய ஒவ்வொரு சொற்றொடரையும் சுற்றி நின்றவர்கள் ஒரே குரலில் திருப்பிச் சொல்லிப் பின்வரிசைக்குக் கொண்டு சேர்த்தார்கள்.

ஆனால் பூங்காவின் உரிமையாளர் வகுத்த விதிகளே பின்னர் அவர்களுக்கு எதிராகத் திரும்பின. நவம்பர் 15 அதிகாலையில் காவல்துறை முகாமைக் கலைத்தது. பூங்காவுக்கு வரலாம், கூடாரம் அடிக்கக் கூடாது என்ற அந்த உரிமையாளரின் விதியை நீதிமன்றமும் அன்றே ஏற்றுக்கொண்டது.